வாபஸ்

வியாழன் இரவு பத்து மணிக்கு
எங்கள் கேம்ப் வாசலில் ஒரு வெள்ளை கேம்ரி வந்து நின்றது.
ஜுபைலில் எனக்குப் பதினோரு வருஷம்.
என்னைத் தேடிக் கார் வந்தது அதுதான் முதல் தடவை.

இறங்கியவர் அயலக அணி அமைப்பாளர் தங்கமாரி.
இந்த ஊரில் கட்சி கிடையாது, கொடி கிடையாது.
தலைவர் பிறந்தநாள்கூட
ரத்ததான முகாம் என்ற பெயரில்தான் வரும்.
மூன்று முறை கொடுத்திருக்கிறேன்.
என் ரத்த வகை அவருக்குத் தெரியும்.
பெயர் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆறு பேர் அறைக்கு எட்டுப் பொட்டலம் மட்டன் பிரியாணி.
"மேயரம்மா வீட்டுக்காரரே" என்று கட்டிப்பிடித்தார்.

பத்து நாளாக அறையிலும் அதுதான் என் பெயர்.
இருபத்தேழாவது வார்டில் தில்லைக்கரசி
முன்னூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்து,
கட்சி அவளைத்தான் நிறுத்தும் என்று
மாவட்டமே பேசத் தொடங்கியதிலிருந்து
கக்கூஸ் வரிசையில் எனக்கு வழிவிட்டார்கள்.
என் பனியன்கள் கொடியின் நடுவில் காய்ந்தன.

அன்று சாயங்காலம் பட்டியல் வந்துவிட்டது.
எங்கள் மாநகராட்சி கூட்டணிக்கு.

"மேலிடம் சொல்லிருச்சு தம்பி.
தங்கச்சி மனு போட்டே தீருவேங்குதாம்.
முப்பது கவுன்சிலர் அது பக்கமாம்.
நீ ஒரு வார்த்தை சொன்னா..."

பிறகு குரல் தணிந்தது.
அடுத்த முறை நிச்சயம் என்றது.
உனக்கும் நல்ல கம்பெனியில் ஸ்டோர் கீப்பர்,
வெயில் இல்லாத வேலை என்றது.

அறுபதடி சாரத்தின் உச்சியில்
குழாயைப் பிடித்தால் கையுறையோடு தோலும் வரும்
ஆகஸ்ட் மாதத்தை நினைத்தேன்.
பொய் சொல்வானேன்,
முழுசாக நினைத்தேன்.

போன் செய்தபோது அங்கே பன்னிரண்டரை.
அவள் தூங்கவில்லை.
பின்னால் பெண்கள் குரல், டீ கிளாஸ் சத்தம்.
"வாபஸ் வாங்கிரு" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"நீங்க சொல்றீங்களா,
பக்கத்துல யாராச்சும் சொல்றாங்களா?"

ஸ்பீக்கரில் இருந்தது.
தங்கமாரி எலும்பைத் தட்டில் வைத்தார்.

"வருஷா வருஷம் லீவு கேட்டு,
ஓவர்டைம்னு சொன்னதும் வாபஸ் வாங்குறது நீங்க.
நான் ஏதாவது கேட்டேனா?
இது என் கையெழுத்து.
எந்தத் தெருவுல சாக்கடை அடைக்கும்னு
மேலிடத்துக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?
சாப்ட்டீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

கிளம்பும்போது தங்கமாரி
பிரிக்காத இரண்டு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டார்.
"ஆதரவு வாபஸ்" என்றான் ஞானசீலன்.
அறையே சிரித்தது.

மேல் கட்டிலில் தில் பகதூர் எழுந்து உட்கார்ந்தான்.
எங்கள் பேச்சில் அவனுக்குப் புரிந்தது ஒரே சொல்.
கேம்ப் இந்தியில் அதற்கு ஊர் திரும்புதல் என்று அர்த்தம்.
"வாபஸ்? கோன்? கப்?"
யார் போகிறார்கள், எப்போது,
கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டான்.
யாரும் சொல்லவில்லை.

வெள்ளி காலை இங்கே ஏழு, அங்கே ஒன்பதரை.
மன்றக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று செய்தி.
ஒரு போனைச் சுற்றி ஆறு தலைகள்.
இருபத்தெட்டு, இருபத்து நாலு.
முப்பதில் ஆறு பேர்
விடிவதற்குள் சொகுசு பஸ் ஏறியிருந்தார்கள்.

மதியத்துக்குள் அவளைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள்,
என்னை ரத்ததானக் குழுவிலிருந்து.
சாயங்காலம் அவள் ஒரு படம் அனுப்பினாள்.
பால் பூத் பக்கம், மூடி திறந்த சாக்கடை,
குனிந்து பார்க்கும் நாலு பேர்,
அவள் முதுகு மட்டும்.

சனிக்கிழமை ஆபீஸ் ஜன்னலில் விடுப்பு மனு நீட்டினேன்.
எகிப்துக்காரக் கிளார்க் என் பழைய ஃபைலைப் புரட்டினான்,
என்னைப் பார்த்தான், மறுபடி ஃபைலைப் பார்த்தான்.
முத்திரை விழுந்தது.

திருப்பி வாங்குவதென்றால் கடைசித் தேதி எது என்று
வழக்கம்போலக் கேட்க வாயெடுத்தேன்.
பின்னால் வரிசை
என்னைத் தள்ளிவிட்டது.